மகளின் திட்டப்பணிக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரர்: யாரை எழுதச் சொல்லலாம்?

செந்தூல்வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு திட்டப்பணி கொடுத்திருக்கிறார்கள். மலேசியாவின் பத்திரிகைத் துறையில் பேர் சொல்லும்படி இருந்த ஒருவரைப் பற்றிப் பத்துப் பக்கம் மலாயில் எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் மலாய்ப் பத்திரிகையாளர் அப்துல் ரஹிம் காஜாயை எடுத்துக்கொண்டார்களாம். இவள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நம்ம ஆள் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று ஆதி குமணன் பெயர்தான் வந்தது. அதற்கு முன்னால் யார் என்றால் பதில் இல்லை.

என் அப்பா தமிழ் நேசனைப் பார்க்காமல் பசியாற உட்கார மாட்டார். அந்தப் பத்திரிகை நின்றே சில வருடங்கள் ஆகிவிட்டன. அதை யார் தொடங்கினார்கள், பினாங்கில் என்னென்ன வந்தன, எந்த மனிதரைப் பற்றி எழுதினால் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கு மனதில் நிற்கும்? ஆதாரமும் கிடைக்க வேண்டும். இணையத்தில் பார்த்தேன் என்று மட்டும் எழுதினால் ஆசிரியை ஒத்துக்கொள்ள மாட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய கம்பாசிட்டர் எழுதியது:

அம்மா, உங்கள் மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. எங்கள் காலத்துப் பிள்ளைகள் அதைக் கேட்காததால்தான் இத்தனை பெயர்கள் மறந்துபோயின.

நான் எழுபதுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் அச்சுக்கோக்கச் சேர்ந்தவன். எந்தப் பத்திரிகை என்பது இங்கே வேண்டாம். அப்போது எழுத்தெல்லாம் ஈயம். இடது கையில் எழுத்தை அடுக்கும் சட்டத்தை, ஸ்டிக் என்போம், பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கும், அதையும் தலைகீழாகவே படிக்கப் பழக வேண்டும். 'கொ' என்று அடுக்க மூன்று ஈயத்துண்டு. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை, றா, ணா எல்லாவற்றுக்கும் தனித்தனி அச்சு, தனித்தனி அறை. ஆங்கிலம் கோக்கிறவன் நின்ற இடத்தில் நின்று வேலையை முடிப்பான். நாங்கள் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடந்துகொண்டே இருப்போம். பிழை பார்க்க ஒரு பிரதி, கேலி புரூஃப், எடுத்துத் திருத்தி, பக்கங்களைச் சேர்த்துப் பாரம் கட்டி, மெஷினுக்கு அனுப்பிவிட்டுப் போனால் நேரம் பாதி ராத்திரி. மறுநாள் வந்து அந்த எழுத்துகளையெல்லாம் பிரித்துப் பழையபடி அறைகளில் போட வேண்டும், அன்றைய செய்திக்கு. எங்கள் வேலை இப்படித்தான் நடந்தது. இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், ஆசிரியர் எழுதிய ஒவ்வொரு வரியும் எங்கள் விரல் வழியாகத்தான் போனது. யார் மனதாரத் தொழிலாளிக்காக எழுதினார், யார் முதலாளி முகம் பார்த்து எழுதினார் என்பது எங்களுக்குத் தெரியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தமிழ் நேசன் 1924 செப்டம்பர் 10-ஆம் தேதி கோலாலம்பூரில் வார இதழாக வந்தது. தொடங்கியவர் நரசிம்ம ஐயங்கார். 1937-இல் நாளிதழானது. 2019-இன் தொடக்கத்தில் நின்றது. ஏறக்குறைய 95 வருடம். நூற்றாண்டை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றுபோனதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் உங்கள் மகள் எழுத வேண்டிய ஆள் முதலாளியும் இல்லை, தலைமை ஆசிரியரும் இல்லை. ஆர். எச். நாதன். நேசனில் துணையாசிரியராக இருந்தவர்.

1941-இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச்சில் ஆரம்பித்து மே வரைக்கும் அலை அலையாகப் போனது. ரப்பர் விலை போருக்காக ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் பால் வெட்டுகிறவன் கூலி ஏறவில்லை. சீனத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலி நம்மவருக்குக் கிடையாது. நாதன் இதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியதோடு நிற்கவில்லை. தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேசினார், சங்கம் கட்டினார். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சமமான கூலி வேண்டும். 10, 12 மணி நேர வேலை வேண்டாம். கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், ஒழுங்கான மருத்துவ வசதி. பெண்களிடம் துரைமாரும் அவர்களின் ஆட்களும் முறைகேடாக நடப்பதை நிறுத்து. உறவுக்காரர் தோட்டத்துக்குள் வந்து போக விடு. அப்புறம் இன்னொன்று: துரை எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம்.

இந்தக் கடைசிக் கோரிக்கையை உங்கள் மகள் அடிக்கோடிட்டு எழுத வேண்டும். கூலி கேட்பது வயிற்றுக்கு. இது மானத்துக்கு. ஒரு தொழிலாளி காசு சேர்த்து சைக்கிள் வாங்கியிருப்பான். அதில் ஏறிப் போகும்போது எதிரே வெள்ளைக்காரனோ தோட்டத்துக் கணக்கர் கிராணியோ வந்தால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். என் அப்பா கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து பல வருடம் கழித்தும், கிராணி எதிரே வருவதைப் பார்த்தால் அவர் கால் தானாகத் தரையில் ஊன்றும். பின்னால் கேரியரில் உட்கார்ந்திருந்த எனக்கு, அப்பா ஏன் இறங்குகிறார் என்று விளங்காது. வேலைக்குச் சேர்ந்து, மூத்த ஆட்கள் வாயால் நாதன் கதையைக் கேட்ட பிறகுதான் விளங்கியது.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதனைப் பிடித்தார்கள். அவரை விடச் சொல்லித்தான் வேலைநிறுத்தம் முன்னைவிடப் பெரிதாக மூண்டது. சிலாங்கூரில் அவசரநிலை போட்டுப் பட்டாளத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். அந்தக் களேபரத்தில் கிள்ளான் கதை அப்படியே அமுங்கிப்போனது.

ஒரு துணையாசிரியர் பேனாவோடு தோட்டத்துக்குள் நடந்தார், அதற்காக நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார். பத்திரிகைக்காரன் என்றால் யார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?


சூலியா தெருக்காரர் எழுதியது:

கம்பாசிட்டர் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கதையைக் கோலாலம்பூரில் தொடங்கினால் பினாங்குக்காரன் சும்மா இருக்க முடியாது. நேசன் வருவதற்கு 40 வருடம் முன்பே இங்கே தமிழ்ப் பத்திரிகை வந்துவிட்டது.

நாகூர் குலாம் காதிர் நாவலர் என்ற புலவரைத் தெரியுமா, சகோதரி? திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். உ.வே.சா.வுக்கு ஆசானாக இருந்த அதே மகாவித்துவான்தான். நாவலர் இங்கே வந்து, 1883-இல் வித்தியா விசாரிணி என்ற பத்திரிகையை நடத்தினார். பின்னாளில் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் வைத்தபோது, நான்காம் சங்கத்து நக்கீரர் என்று மதிக்கப்பட்டவர் இவர். அப்படிப்பட்ட ஒரு தமிழ் அறிஞர் எங்கள் ஊரில் பத்திரிகை நடத்தினார் என்பதை இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் கேள்விப்பட்டதில்லை. சிங்கப்பூரில் 1887-இல் சிங்கை நேசன் தொடங்கியவரும் நம் தமிழ் முஸ்லிம்தான், மகுதூம் சாயபு.

வகுப்பில் மலாய்ப் பத்திரிகையாளர்களைப் பற்றித்தானே அதிகம் எழுதுகிறார்கள்? மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் ஜாவி பெரானாக்கான், 1876-இல் சிங்கப்பூரில் வந்தது. அதன் ஆசிரியர் முன்ஷி முகமது சயித் பின் தாதா முகைதீன், பினாங்கைச் சேர்ந்த இந்திய முஸ்லிம் வழி வந்தவர். கையால் எழுதிக் கல்லச்சில் அடித்தார்கள். ஆகவே இந்த நாட்டுப் பத்திரிகை வரலாற்றில் நாம் ஓரத்தில் நின்றவர்கள் என்று உங்கள் மகள் நினைக்க வேண்டாம்.

இன்னொருவரும் இருக்கிறார். ஆங்கிலப் பத்திரிகைக்காரர், ஆனால் இலங்கைத் தமிழர். மாணிக்கசோதி சரவணமுத்து, ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோவின் ஆசிரியர். 1941 டிசம்பர் 11-இல் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு போட ஆரம்பித்தன. தெருக்களில் பிணம். அந்த வாரத்திலேயே வெள்ளைக்காரர்கள் இரவோடு இரவாகத் தங்கள் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு தீவைவிட்டுப் போய்விட்டார்கள். ஆசிய மக்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரவணமுத்து பல இனத் தலைவர்களையும் கூட்டிச் சேவைக் குழு அமைத்துத் தலைமை ஏற்றார். கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். இங்கே படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் அறிவிக்க ஏற்பாடு செய்தார். குண்டுவீச்சு நின்றது. 19-ஆம் தேதி ஜப்பானியர் நுழைந்தார்கள். எங்கள் வாப்பா அந்த டிசம்பரில் சின்னப் பிள்ளை. உயிர் தப்பிய கதையைச் சொல்லும்போதெல்லாம் "எக்கோ ஆசிரியர்" என்று மட்டும்தான் சொல்வார், பெயர் அவருக்குத் தெரியாது. நான் வளர்ந்த பிறகுதான் பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னேன்.

ஆசிரியை ஆதாரம் கேட்டால், சரவணமுத்து தானே எழுதிய சுயசரிதை இருக்கிறது. 1970-இல் வந்தது. ஆங்கிலத்தில் கிடைக்கும்.


பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ரெண்டு பேரும் சொன்னது போக, ஒரு விஷயம் சேர்க்கிறேன். பத்திரிகை வரலாற்றை எழுதும்போது ஒரு பத்திரிகையை ஒரே மனிதரைப் போல எழுதிவிடக் கூடாது. 1929 டிசம்பரில் பெரியார் முதல் முறை மலாயா வந்தார், பினாங்கில்தான் இறங்கினார். அப்போது அவர் வருகையைக் கடுமையாக எதிர்த்தது இதே தமிழ் நேசன். ஆதரித்து எழுதியது சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்திய முன்னேற்றம். பன்னிரண்டு வருடம் கழித்து, அதே நேசனின் மேசையிலிருந்து ஒரு நாதன் எழுந்து வருகிறார். இதை அந்தப் பிள்ளை எழுதினால் நிச்சயம் நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

சாரங்கபாணி 1935 ஜூலையில் தமிழ் முரசைத் தொடங்கினார். விலை ஒரு காசு. சிங்கப்பூர்ப் பத்திரிகை என்றாலும் மலாயாத் தோட்டங்களில் முரசு படிக்காத லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசை, குறைவு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும், தமிழ் நூலகம் வேண்டும் என்று அவர் முரசில் எழுதி எழுதி, "தமிழ் எங்கள் உயிர்" என்று நிதி திரட்டினார். கூலிக்காரர்கள் கொடுத்த பணம் அது. இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் பந்தாய் வளாகத்தில் இந்திய ஆய்வியல் துறையில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பணத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. நான் அங்கே படித்தவள், அதனால் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் வேறு. 1950-ஐ ஒட்டி, சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நேசனில் கதை வகுப்பு நடத்தினார்கள். சிறுகதை எப்படி எழுதுவது என்று பத்திரிகை வழியே பாடம்! ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்களெல்லாம் அதைப் படித்துப் பயிற்சி செய்து எழுத்தாளர் ஆனார்கள். அப்புறம் தமிழ்நாட்டு இடைசெவலிலிருந்து எழுத்தாளர் கு. அழகிரிசாமி வந்து 1957 வரை நேசனில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். கோலாலம்பூரில் இளைஞர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தி, கொண்டுவந்த கதையைப் படிக்கச் சொல்லித் தாட்சண்யம் பார்க்காமல் விமர்சிப்பாராம். பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் அவர். முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்தபோது நல்ல படைப்புக்குத் தங்கப் பவுனே பரிசாகக் கொடுத்தார்கள், 1972-இல் வந்த திட்டம். ஆதி நாகப்பனும் நேசன் ஆசிரியர்தான், பிறகு அமைச்சர் ஆனார். அவர் மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் இருந்தவர்.

ஆதி குமணனையும் விட்டுவிட வேண்டாம். 1977-இல் வானம்பாடி வார இதழ், பிறகு தமிழ் ஓசை, பிறகு மலேசிய நண்பன். 2005-இல் மறைந்தார். இன்றைக்கு ஐம்பதைத் தாண்டிய மலேசியக் கவிஞர்களில் பலர் வானம்பாடியில் எழுதத் தொடங்கியவர்கள்.


செந்தூல்வாசி எழுதியது:

கண்கலங்கப் படித்தேன். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவள் நாதனைத்தான் எழுதுவேன் என்கிறாள். சைக்கிள் கதை அவளைப் பிடித்துக்கொண்டது. ஆனால் எனக்கு இரண்டு கவலை. ஒன்று, வேலைநிறுத்தம், கைது என்று எழுதினால் பள்ளியில் அரசியல் என்பார்களோ? இரண்டாவது, 1941-ஆம் ஆண்டு நேசனை எங்கே போய்த் தேடுவது?


பழைய கம்பாசிட்டர் எழுதியது:

அம்மா, முதல் கவலையை விடுங்கள். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த கதை இது. நம் பாடப்புத்தகத்தில் பாசிர் சாலாக்கும் மாட் கிலாவும் இருக்கிறார்களே, அதே வரிசைதான். ஆசிரியை தயங்கினால், அந்தக் கோரிக்கைப் பட்டியலை முதலில் காட்டச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் கேட்டார்கள், மருத்துவம் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். இதில் எதைத் தப்பு என்பார்?

இரண்டாவதுக்கு வழி இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் போட்டிருக்கிறது, காசு இல்லை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். அந்தக் காலத்து ஆங்கில நாளிதழ்களில், மலாயா டிரிபியூனில், 1941 ஏப்ரல், மே மாதங்களை எடுத்துக் கிள்ளான், நாதன் என்று ஆங்கிலத்தில் தேடச் சொல்லுங்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே இருக்கின்றன. ஆங்கிலப் பத்திரிகை தோட்ட முதலாளிகள் பேச்சுக்கு எவ்வளவு இடம் கொடுத்தது, தொழிலாளிக்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்று ஸ்கேலை வைத்து அளந்து பார்க்கட்டும். பத்தியின் நீளத்தை அளப்பது எங்கள் வேலை, அதனால் சொல்கிறேன். எந்தச் செய்தி எத்தனை அங்குலம் என்பதிலேயே ஒரு பத்திரிகையின் மனசு தெரிந்துவிடும்.

தமிழ்ச் சேகரிப்புக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். நாட்டின் ஆவணக் காப்பகமும் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள், சும்மா போய் நின்றால் அலைக்கழிவுதான்.

இன்னொரு யோசனை. உங்கள் சொந்தத்தில் கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் தோட்டத்தில் இருந்த வயசாளிகள் யாராவது இருந்தால், மகளைக் கூட்டிப் போய்ப் பேச வையுங்கள். அவர்களுக்கு நாதன் பெயர் தெரியாமல் இருக்கலாம். சைக்கிளைவிட்டு இறங்கியது ஞாபகம் இருக்கும். எந்த ரோட்டில், யாரைப் பார்த்து இறங்கினார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதட்டும். பெயர், வயசு, தோட்டம், தேதி நான்கையும் அனுமதி கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவும் ஆதாரம்தான், ஆசிரியைக்குப் புத்தகத்தில் கிடைக்காத ஆதாரம்.

எழுதி முடித்ததும் தமிழிலும் ஒரு பிரதி போடச் சொல்லுங்கள். இங்கே அனுப்பினால் நான் புரூஃப் பார்த்துத் தருகிறேன்.


சூலியா தெருக்காரர் எழுதியது:

பினாங்குக்கு வந்தால் சொல்லுங்கள், சகோதரி. கார்ன்வாலிஸ் கோட்டையையும் பழைய அச்சகத் தெருக்களையும் பிள்ளைக்கு நானே சுற்றிக் காட்டுகிறேன். அடுத்த வருடத் திட்டப்பணிக்கு நாவலரை வைத்துக்கொள்ளட்டும்.